எண்ணெய் குடித்த ஸ்பீக்கர்

எங்கள் காரில் இருந்த ரேடியோ, குமிழைத் திருகியவுடன் பாடிவிடாது. முதலில் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் இரும்புப் பெட்டிக்குள் ‘ர்ர்ர்’ என்று ஓர் உறுமல் தொடங்கும். பேட்டரியின் மின்சாரத்தை வால்வுகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற வைப்ரேட்டர் போடும் சத்தம் அது. அதற்குப் பிறகு வால்வுகள் சூடேற வேண்டும். சூடேறும்வரை மனுஷர் சும்மா இருக்க வேண்டும். அங்கேதான் வம்பு. கல்யாணத்துக்குப் போகிற கூட்டத்துக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? “இன்னாப்பா, ரேடியோ வண்டின்னு சொன்னே, ஊமையா கெடக்குது?” என்றபடி முன்சீட்டில் இருக்கிறவர் குமிழைக் கடைசிவரை திருகிவிடுவார். வால்வு சூடானதும் ரேடியோ காது கிழிய அலறும். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் சேர்ந்து அழும். அப்புறம் எல்லோருமாக டிரைவரைத் திட்டுவார்கள். டிரைவர் என் வீட்டுக்காரர்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஆம்பூரில் தோல் பதனிடுகிற டேனரி ஒன்றின் முதலாளி புதுக் கார் வாங்கியபோது, யுத்தத்துக்கு முன்னால் வந்த தன்னுடைய பழைய பிளஷர் காரை எங்கள் தலையில் கட்டிவிட்டார். இப்படி நான் சொல்வது காதில் விழுந்தால் என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிடுவார். அவ்வளவு பிரியம் அதன்மேல். அதை அவர் வாடகைக்கு ஓட்டினார். வேலூர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள், திருப்பத்தூர் சந்தைக்கு வியாபாரிகள், வாணியம்பாடிக்கும் மேல்விஷாரத்துக்கும் கல்யாணக் கூட்டம். மற்ற வாடகைக் கார்களில் இல்லாத ஒன்று எங்களிடம் இருந்தது என்றால் அது ரேடியோதான். கார் அவர் பாடு, ரேடியோ என் பாடு என்று எப்படியோ ஆகிப்போனது.

எப்படியோ என்ன, காரணம் உண்டு. அந்தப் பெட்டி இருந்த இடத்தில் என் வீட்டுக்காரரின் கை நுழையாது. நுழைந்தால் வராது. நான் பிறந்தது குடியாத்தத்தில், தறிக்காரர் வீட்டில். பாவில் அறுந்த இழையைக் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே தேடிப் பிடித்துப் பிணைக்கிற வேலையை எட்டிப் பிடிக்கத் தெரிந்த வயதிலேயே பழக்கிவிட்டார்கள். வேலூரில் ஒரு ரேடியோ கடைக்காரர் முதல் தடவை பெட்டியைத் திறந்து காட்டினார். அடுத்த தடவை நானே திறந்தேன். முன்சீட்டின் கால் வைக்கிற இடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடப்பேன். தெருவில் போகிற பெண்கள் நின்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் வீட்டில் ரேடியோ இல்லையே!

முதல் மாதமே ஒரு பாடம் கிடைத்தது. அப்பா போட்ட தங்க வளையலைக் கழற்றாமல் கையை உள்ளே விட்டேன். வளையல் பேட்டரி ஒயரிலும் பெட்டியிலும் ஒருசேரப் பட்டுப் பொறி பறந்தது. வளையலில் கறுப்பாக ஒரு தழும்பு விழுந்துவிட்டது. கையை மொட்டையாக வைக்கவும் மனசு வராது. அதனால் வளையலை முழங்கைவரை தள்ளி, அதன்மேல் கிழிந்த லுங்கித் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் பிறகு வேலையில் இறங்குவேன். அந்தக் கட்டைப் பார்த்தாலே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், இன்றைக்கு இவளிடம் வாயைக் கொடுக்கக் கூடாதென்று.

எங்கள் ஊர்க் காற்று ரேடியோவுக்கு ஆகாது. டேனரிகளின் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் கொலுசு கறுக்கும், குத்துவிளக்கு கறுக்கும். வால்வின் கால்கள் மட்டும் பளபளவென்று இருக்குமா? அவையும் கறுத்துப்போகும். நன்றாகப் பாடிக்கொண்டே வரும். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறினால் வாயை மூடிக்கொள்ளும். பெட்டியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி பாடும். தட்டிக்கொண்டே எத்தனை நாள் ஓட்டுவது? மாதத்துக்கொரு முறை பெட்டியைக் கழற்றி, வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்ல ஆட்டி உருவி, மடியில் துணி விரித்து வரிசையாகப் படுக்கவைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மை அழிக்கிற ரப்பரால் காலைத் தேய்ப்பேன். ஸ்டேஷன் முள்ளை இழுக்கிற கயிறு அறுந்தபோது செருப்பு தைக்கிற நூலைக் கட்டினேன். ஏரியல் கம்பியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பேன். ஸ்பீக்கரைத் தனியாக எடுத்து, அதன் காகிதக் கூம்பில் படிந்த செம்மண் தூசியைக் கோழி இறகால் தட்டிவிடுவேன். அவ்வளவுதான் பராமரிப்பு. அதிகமாகக் கொஞ்சினால் அதற்கும் பிடிக்காது.

என் மாமனாரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அவரும் எங்களைப் போலத் தறிக்காரர்தான். யுத்த காலத்து நூல் பஞ்சத்தில் தறியை விட்டு ஆம்பூருக்கு வந்து டேனரியில் சேர்ந்தார். பதனிட்ட தோல் காயும்போது விறைத்துப்போகும். அதற்கு எண்ணெய் போட்டு மிருதுவாக்குவது அவர் வேலை. போகப்போக அந்தப் பிரிவுக்கே மேஸ்திரி ஆனார். ஒரு தோலை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தால், அது எவ்வளவு எண்ணெய் கேட்கிறது என்று அவருக்குத் தெரியும். வீட்டிலும் அதே புத்திதான். கதவுக்கீல், குடைக்கம்பி, என் மகனின் காய்ந்த முழங்கால், எது காய்ந்து கிடந்தாலும் அவர் கை எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போய்விடும்.

வயசும் டேனரி மிஷின் சத்தமும் சேர்ந்து அவர் காதைக் கெடுத்துவிட்டன. ஒரேயடியாக இல்லை. ஆண்களின் தடித்த குரல் கேட்கும். நான் கத்துகிற கத்தலில் முக்கால்வாசி கேட்கும். கீச்சுக் குரல், மெல்லிய குரல், பறவைச் சத்தம் எல்லாம் போய்விட்டன. அவருடைய மகள், அதாவது என் நாத்தனார், நல்ல பாட்டுக்காரி. அவள் குரலோ நூல் மாதிரி மெல்லிசு. அந்தக் குரல்தான் அவருக்கு அடியோடு நின்றுபோனது.

அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தாய் செத்துவிட்டாள். அழுகிற பிள்ளையைத் தூங்கவைக்க அவருக்கு எந்தத் தாலாட்டும் தெரியாது. டேனரியில் எண்ணெய் போடுகிறவர்கள் கை ஒன்றுபோல ஓடுவதற்காகப் பாடுகிற பாட்டு ஒன்றுதான் தெரியும். ஓரத்தைத் தொடு, நடுவுக்கு வா, வால் வரைக்கும் இழு என்று வேலையையே சொல்லிக்கொண்டு போகிற பாட்டு. அதைப் பாடியபடி பிள்ளையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் போடுகிற அதே கைவாக்கில் முதுகைத் தடவுவாராம். தோளோரத்தில் தொடங்கி, நடு முதுகுக்கு வந்து, கீழேவரை இழுத்து, கடைசியில் ஒரு தட்டு. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சிரிப்பார். “எங்க ஊட்ல தூங்கறதுன்னாலும் தோலு பாட்டுதான்” என்பார்.

அந்தப் பெண் வளர்ந்து, வாத்தியார் வேலைக்குப் படிக்க மெட்ராஸுக்குப் போனாள். போகும்போது மாமனாருக்கு மனசில்லை. கொஞ்சம் கோபம்கூட. பிறகு அது தணிந்துவிட்டது. ஆனால் அவளுக்கு அது தெரியவில்லை. லீவுக்கு வந்து அப்பாவிடம் ஆசையாக ஏதோ சொல்வாள். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு “உம்” என்பார். அவள் முகம் வாடிப்போகும். “அப்பாவுக்கு இன்னும் கோவம் போல அண்ணி” என்று என்னிடம் வந்து கண்ணைத் துடைப்பாள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன் மாமா, பொண்ணு பேசினா ஒரு வார்த்த நல்லா பேசக் கூடாதா?” என்று அவர் முகத்துக்கு நேராகக் கத்திக் கேட்டேன்.

“எல்லாரு குரலும் கொஞ்சங் கொஞ்சம் வருதும்மா. அவ பேசினா மட்டும் வாயி அசையறதுதான் தெரியுது. இன்னா சொல்றான்னே புரியல. நான் இன்னாத்த பேசறது?” என்றார்.

“அப்ப அத அவகிட்ட சொல்ல வேண்டிதுதானே!”

“வேணாம்மா. சொன்னா படிப்ப உட்டுட்டு என் பக்கத்துல வந்து உக்காந்துக்குவா. உன்னக் கும்புடறேன், சொல்லாத.” கையெடுத்துக் கும்பிட்டார்.  வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அதைக்கூடச் செய்தேன்.

ரேடியோ அவருக்குக் கேட்கும் என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. குடியாத்தம் போகும்போது மழை வந்து கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றியிருந்தோம். அவர் முன்சீட்டில் இருந்தார். ஸ்பீக்கர் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில். யாரோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். அவர் திடீரென்று குனிந்து டேஷ்போர்டின்மேல் உள்ளங்கையை வைத்து, “பொம்பள பாடறா!” என்றார். மழையில் நனைந்த சின்னப் பிள்ளைக்கு வருகிற சிரிப்பு அந்த முகத்தில். “கேக்குதும்மா, பொம்பள பாடறா!” அன்றிலிருந்து வாடகை இல்லாத நேரமெல்லாம் நிற்கிற காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார். பேட்டரி இறங்கிப்போகும். காலையில் என் வீட்டுக்காரர் முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றோ சுற்றென்று சுற்றி வண்டியைக் கிளப்புவார். ஒரு நாளாவது அப்பாவைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அந்த விஷயத்தில் என் வீட்டுக்காரரை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

இப்படி இருக்கும்போதுதான் நாத்தனார் லீவுக்கு வந்து ஒரு சேதி சொன்னாள். மெட்ராஸ் ரேடியோவில் பெண்கள் நிகழ்ச்சியில் அவளைத் தாலாட்டுப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அடுத்த மாதம், மத்தியானம். வீட்டுக்குள் ஓடிவந்து அப்பாவின் முன்னால் நின்று சொன்னாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பின்னாலிருந்து வாயை விரியத் திறந்து “ரேடியோ! பாட்டு!” என்றேன். அவருக்குப் புரிவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

அவள் மெட்ராஸுக்குத் திரும்பிய பிறகு காருக்குள் வைத்து அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். அவர் டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, “அந்தப் பெட்டியில பொம்பள பாடினா எனக்குக் கேக்குதே. அப்ப இவ பாடினாலும் கேக்கும் இல்ல?” என்றார்.

“கேக்கும் மாமா.”

“ஒரே ஒரு வாட்டி கேட்டா போதும்மா” என்றார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போனது. எந்த வால்வு எப்போது வாயை மூடுமோ! அவள் பாடுகிற அன்றைக்கு ரேடியோ ஒரு குறையும் இல்லாமல் பேச வேண்டும் என்று பெட்டி, ஸ்பீக்கர், ஒயர் எல்லாவற்றையும் கழற்றினேன். வால்வுக் கால்களைத் தேய்த்து முடித்தேன். ஸ்பீக்கரைத் தூசி தட்டி, வாசலில் நின்ற காரின் பானெட்மேல் செய்தித்தாள் விரித்து வைத்துவிட்டு, அடுப்பில் குழம்பு தீய்கிற வாசனை வந்ததும் உள்ளே ஓடினேன். அவ்வளவு நேரம்தான். குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தால் மாமனார் ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். கையில் துணிச்சுருள்.

“காய்ஞ்சி கெடந்திச்சிம்மா” என்றார் சந்தோஷமாக. “ரெண்டு வெரல்ல புடிச்சிப் பாத்தேன். வறட்டு வறட்டுன்னு, தொட்டா ஒடியற மாதிரி இருந்திச்சி. இப்படி இருந்தா பொண்ணு குரலு எப்டி மெத்துன்னு வரும்? புங்க எண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்து ரெண்டு கை போட்டுட்டேன். இப்ப தொட்டுப் பாரு.”

தொட்டுப் பார்த்தேன். பழுப்புக் காகிதம் கறுத்து, வாழைப்பழத் தோல்போலத் துவண்டு கிடந்தது. ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஒரு இடம் விடாமல் ஒரே சீராகப் போட்டிருந்தார். வேலையில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அடக் கடவுளே! நான் கத்தின கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அது தோலில்லை, காகிதம். காய்ந்திருந்தால்தான் அது பேசும். இப்படி ஊறவைத்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரிதான் இருக்கும் என்று மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தேன். கோபம் வந்தால் என் குரல் மேலே ஏறி கீச்சென்று ஆகிவிடும். அந்தக் கீச்சுக்குரலில் ஒரு சொல்கூட அவருக்குக் கேட்கவில்லை. நான் நன்றி சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். “அட, இது இன்னாம்மா பெரிய விஷயம். இது என் வேலதானே” என்றார் சிரித்துக்கொண்டே. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி ரேடியோவைப் போட்டோம். செய்தி வாசிக்கிறவர் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு வாசித்தார். அவராவது பரவாயில்லை. அடுத்து ஒரு பெண் பாடினாள். அது பாட்டா, பக்கத்து அறையில் யாரோ முனகுகிறார்களா என்று தெரியவில்லை. மாமனார் டேஷ்போர்டோடு காதை ஒட்டிவைத்துப் பார்த்தார். முழங்காலை ஒட்டிவைத்துப் பார்த்தார். நிமிர்ந்து, “யாரும் பாடலியா?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.  மாமனார் தன் கையை ஒருமுறை பார்த்தார், ஸ்பீக்கர் இருந்த இடத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால், “என் கையாலேயே கெடுத்துக்னேனே” என்று மட்டும் சொன்னார். 

வேலூருக்கு ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போனோம். ரேடியோ கடைக்காரர் அதை முகர்ந்து பார்த்தார். “இது இன்னா வாசன? வடை சுட்டீங்களா இதுல?” என்றார். நான் பார்த்த பார்வையில் அடங்கிப்போய், இந்த அளவு ஸ்பீக்கர் மெட்ராஸிலிருந்துதான் வர வேண்டும், அந்த நாளைக்குள் வராது என்று தணிந்த குரலில் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். எண்ணெய் பட்ட புடவைக்கு என்ன செய்வோம்? அதையே செய்தேன். அடுப்புக்கு எட்டத்தில், கொல்லையில் உட்கார்ந்து, பஞ்சில் பெட்ரோலைத் தொட்டு எண்ணெயை ஒற்றி ஒற்றி எடுத்தேன். அதன்மேல் நாமக்கட்டியைப் பொடித்துத் தூவினேன். அது தீர்ந்ததும் என் முகப்பவுடர் டப்பாவைக் கவிழ்த்தேன். ஊறி வந்த எண்ணெயைக் கோழி இறகால் தட்டிவிட்டு மறுபடி தூவினேன். ஆண்குரல் கொஞ்சம் தெளிந்தது. பெண்குரல் மட்டும் கம்பளியை விட்டு வெளியே வர மாட்டேன் என்றது.

யாராவது வீட்டு ரேடியோவில் கேட்கலாமே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. திறந்த கூடத்தில், பெரிய பெட்டியாக இருந்தாலும் அவருக்குப் பெண்குரல் பிடிபடாது என்பது முன்பே பார்த்ததுதான். “நாலு பேரு எதுர்ல காதாண்ட கைய வெச்சிக்னு, கேக்குது கேக்குதுன்னு பொய் சொல்லணுமா? நம்ப வண்டியிலயே உக்காரலாம். வந்தா வருது” என்றார்.

அந்த நாள் வந்தது. மேல்விஷாரத்துக்கு ஒரு கல்யாண வாடகை இருந்தது. என் வீட்டுக்காரர் அதைத் தன் தோஸ்த் ஒருவரின் காருக்குத் தள்ளிவிட்டார். மூன்று பேரும் ஊருக்கு வெளியே ஏரிக்கரை மேட்டுக்குப் போனோம். அங்கே ஸ்டேஷன் நன்றாக எடுக்கும். இன்னொரு வசதியும் உண்டு. என்ஜின் ஓடினால் ரேடியோவில் கரகரப்பு வரும், அதனால் நிறுத்திவிட வேண்டும். பேட்டரி தீர்ந்துபோனால் மேட்டிலிருந்து வண்டியை உருட்டிவிட்டே கிளப்பிக்கொள்ளலாம். கண்ணாடிகளை ஏற்றினோம். மத்தியான வெயில். காருக்குள் அடுப்படிச் சூடு, பெட்ரோல், புங்க எண்ணெய், பவுடர் எல்லாம் கலந்த ஒரு வாசனை. மாமனார் வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பழக்கத்தில் கை டேஷ்போர்டின்மேல் இருந்தது.

குமிழைத் திருகினேன். டக். ர்ர்ர். காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பைப் போல நீளமான ஒன்றை நான் பிரசவ வலியில்தான் கண்டிருக்கிறேன். முதலில் ஓர் அம்மாள் ஏதோ சமையல் குறிப்பு சொன்னாள். பிறகு வேறொரு பெண் பாடினாள். மாமனார் என் முகத்தை வைத்தே யாரோ பாடுவதைத் தெரிந்துகொண்டு, “இவதானா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அறிவிக்கிற குரல் நாத்தனாரின் பெயரைச் சொன்னது. நான் அவர் தோளைத் தட்டினேன். அவள் பாடத் தொடங்கினாள்.

ஒன்றுமே வரவில்லை. அவளுடைய மெல்லிசுக் குரலை அந்த எண்ணெய்க் காகிதம் முழுக்கத் தின்றுவிட்டது. கூட அடித்த டோலக்கு மட்டும் தொம் தொம்மென்று பெட்டியை அதிரவைத்தது. எனக்கே வார்த்தை பிடிபடவில்லை, அவருக்கு எங்கே? அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. கையைத்தான் பார்த்தேன்.

கை அசைந்தது. டேஷ்போர்டின் ஓரத்தைத் தொட்டது. நடுவுக்கு வந்தது. நீளமாக ஒரு இழுப்பு. கடைசியில் ஒரு தட்டு. மறுபடி ஓரம், நடு, இழுப்பு, தட்டு. டோலக்கு விழுகிற இடத்தில் தட்டும் விழுந்தது. எண்ணெய் குடித்துத் தடித்துப்போன அந்த ஸ்பீக்கர் குரலை விழுங்கிவிட்டு, தாளத்தை மட்டும் டேஷ்போர்டுக்குள் இறக்கி அவர் உள்ளங்கையில் கொடுத்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, “அப்பா பாட்டு. பாவி, அப்பா பாட்டையே பாடறாளே!” என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“எம்பாட்டு!” என்று மாமனார் கத்தினார். காது கேளாதவருக்குக் குரல் அளவு தெரியாதல்லவா, ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். “எம்பாட்டும்மா இது! இவளத் தூங்க வெச்ச பாட்டு!” என்று சொல்லிவிட்டு அவரே பாடத் தொடங்கிவிட்டார். ஓரந் தொட்டு வாடி கண்ணே, நடுவுக்கு வந்து தூங்கடி கண்ணே என்று, கட்டைக் குரலில், கை ஓட ஓட. பெட்டிக்குள் அவளும் காருக்குள் அவருமாகப் பாடினார்கள். என் நாத்தனார் ரேடியோவில் எப்படிப் பாடினாள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. நான் கேட்டதெல்லாம் மாமனார் பாடியதுதான்.

அடுத்த வாரம் மெட்ராஸிலிருந்து புது ஸ்பீக்கர் வந்தது. மாட்டினேன். கண்ணாடித் தம்ளரில் தட்டினாற்போல அப்படி ஒரு தெளிவு. பெண்குரல் மறுபடி அவர் காதுக்கு எட்டியது. அவரும் கேட்டார். கையை வைத்துப் பார்த்தார். “நல்லாதான் இருக்குது. ஆனா கைக்கு ஒண்ணும் வரலியேம்மா” என்றார். அதற்கு மேல் கேட்கத் தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எத்தனை அலைச்சல், எவ்வளவு பெட்ரோல், ஒரு டப்பா பவுடர்! முணுமுணுத்துக்கொண்டே வளையலைத் தள்ளித் துணியைக் கட்டினேன், மல்லாந்து படுத்தேன், பழைய ஸ்பீக்கரையே திரும்ப மாட்டினேன். வாடகைக்கு வருகிறவர்கள் ரேடியோவுக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லச் சொல்லிவிட்டேன்.

லீவு விட்டதும் நாத்தனார் வந்தாள். பையைக்கூட இறக்காமல் அப்பாவிடம் போய், “கேட்டீங்களாப்பா?” என்றாள். அவர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு “உம்” என்றார். அவள் கண் நிறைந்துவிட்டது. போதும், இனிமேல் என்னால் முடியாது. “அவருக்கு உன் குரலு கேக்கறதில்லம்மா” என்று போட்டு உடைத்தேன். “கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல. வருஷக்கணக்கா கேக்கல. சொன்னா நீ படிப்ப உட்டுடுவேன்னு, எங்கிட்ட சத்தியம் வாங்காத குறையா என் வாய அடைச்சி வெச்சிருக்காரு. உம் பாட்ட அவரு கேட்டது காதால இல்ல, கையால.” காரைக் காட்டினேன், டேஷ்போர்டைக் காட்டினேன், அவர் கை எப்படி ஓடியது என்றும் செய்து காட்டினேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். மாமனார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் உளறிவிட்டேன் என்று மட்டும் தெரிந்துகொண்டார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். பின்னலை எடுத்து முன்னால் போட்டாள். அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் நடு முதுகில் வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினாள். அவர் கை முதலில் அசையாமல் இருந்தது. பிறகு தோளோரத்துக்குப் போய்த் தொட்டது.

அதற்குப் பிறகு அவர் இருந்த காலம்வரைக்கும் அவர்கள் பேச்சு அப்படித்தான். மற்றவர்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவோம். அவள் மட்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு பேசுவாள். பார்க்கிறவர்கள் அப்பாவுக்கும் பெண்ணுக்கும் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள்.